ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸ்: உணவும் பழக்கமும் எதுவரை கைகொடுக்கும்?

கேள்வி கேட்டவருக்கு 41 வயது. இரண்டு வருடம் முன்பு ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸ், அதாவது உடம்பின் எதிர்ப்பு சக்தியே கல்லீரலைத் தாக்கும் நோய், என்று பயாப்ஸியில் (கல்லீரல் திசுவை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) உறுதியானது. இப்போது தினமும் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 5 மி.கி., எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசாதயோப்ரின் 75 மி.கி. எடுக்கிறார். கல்லீரல் சேதத்தைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி.யும், எதிர்ப்பு சக்தியின் வேகத்தைக் காட்டும் ஐ.ஜி.ஜி. என்ற ரத்தப் புரதமும் ஒரு வருடமாக நார்மல். ஆனால் களைப்பு விடவில்லை, எடையும் ஏறிவிட்டது. கோதுமையில் இருக்கும் குளூட்டனை விட்டு, மூலிகை எடுத்து, மனதை அமைதியாக வைத்துக்கொண்டால் மாத்திரையே தேவைப்படாது என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். அந்த வழியில் போகலாமா என்று கேட்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உணவு, உடற்பயிற்சி, தூக்கம் எல்லாவற்றையும் மாற்றுங்கள், நல்ல பலன் உண்டு. ஆனால் அந்தப் பலன் கிடைக்கும் இடம் நீங்கள் நினைக்கிற இடம் இல்லை. உங்கள் உடம்பே உங்கள் கல்லீரலைத் தாக்குவதை அடக்கி வைத்திருப்பது மாத்திரை. நோயும் ஸ்டீராய்டும் சேர்ந்து எலும்பிலும் தசையிலும் எடையிலும் தூக்கத்திலும் உண்டாக்குகிற சேதத்தை ஈடுகட்டுவது வாழ்க்கைமுறை. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் ஒப்படைத்தவர்களைத்தான் நாங்கள் கண் மஞ்சளாகி வரும் நிலையில் வார்டில் பார்க்கிறோம்.

இது மருந்துக் கம்பெனிக்காகச் சொல்கிற பேச்சு என்று நினைப்பவர்கள் இந்த நோயின் பழைய கதையைக் கொஞ்சம் பார்க்கலாம். 1950-ல் ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவர் யான் வால்டன்ஸ்ட்ரோம் இதை விவரித்தார். இளம்பெண்களுக்கு விடாத ஹெபடைடிஸ், ரத்தத்தில் காமா குளோபுலின் (ஐ.ஜி.ஜி. இந்த வகைப் புரதம்தான்) எக்கச்சக்கம், போகப்போகக் கல்லீரல் சுருக்கம் (சிரோசிஸ்). ஹெபடைடிஸ் என்றாலே படுக்கை ஓய்வும் சத்துணவும்தான் வைத்தியம் என்றிருந்த காலம் அது. அதாவது, மாத்திரை இல்லாமல் வாழ்க்கைமுறையை மட்டும் வைத்துச் சமாளிக்கும் சோதனை ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது. 1971-ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஷீலா ஷெர்லாக் குழுவும், 1972-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கும் ஸ்டீராய்டு எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்ட முடிவுகளை வெளியிட்டன. தீவிர நோய் இருந்தவர்களில் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் உயிர்பிழைத்த விகிதம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அதிகம். கல்லீரல் நோய்களில் மருந்து உயிரைக் காக்கும் என்று முதன்முதலில் நிரூபிக்கப்பட்டவற்றில் இதுவும் ஒன்று.

ரிப்போர்ட் நார்மல் என்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. எஸ்.ஜி.பி.டி. என்பது சாகிற கல்லீரல் செல்களிலிருந்து ரத்தத்தில் கசியும் என்சைம். அது இறங்கிய பிறகும் திசுவுக்குள் அழற்சி முழுதாக அடங்கப் பல மாதங்கள் பிடிக்கும். அதனால்தான் எஸ்.ஜி.பி.டி., அதே வகை என்சைமான எஸ்.ஜி.ஓ.டி., ஐ.ஜி.ஜி. மூன்றும் குறைந்தது இரண்டு வருடம் தொடர்ச்சியாக நார்மலாக இருந்த பிறகே மருந்தை நிறுத்திப் பார்ப்பது பற்றி வல்லுநர்கள் யோசிக்கிறார்கள். அதற்கு முன் இன்னொரு பயாப்ஸி கேட்பவர்களும் உண்டு. அவ்வளவு பொறுத்து நிறுத்தியும் பெரும்பாலானோருக்கு நோய் திரும்புகிறது, அதிலும் முதல் வருடத்துக்குள்ளேயே பலருக்கு. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கல்லீரலில் கொஞ்சம் தழும்பு சேரும்.

"நான் மாத்திரையை விட்டுவிட்டு இதைச் சாப்பிட்டேன், ஆறு மாதமாக ரிப்போர்ட் நார்மல்" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும் குணமுள்ளது. மருந்தே எடுக்காதவர்களுக்கும் சில காலம் என்சைம் இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் எதைச் சாப்பிட்டிருந்தாலும் பெயர் அதற்குப் போய்விடும். ஆறு மாதம் இந்த நோயில் ஒரு கணக்கே இல்லை. அதே ஆளிடம் மூன்று வருடம் கழித்துக் கேட்க வேண்டும்.

இப்போது மூலிகைக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் கறாராகவே இருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மூலிகை எல்லாமே விஷம் என்பது என் கட்சி இல்லை. ஆனால் உங்கள் நோய்க்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. சில பொருட்கள் கல்லீரலைப் பாதிக்கும் விதமே ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸைப் போல இருக்கும்: அதே ஆன்டிபாடிகள், அதே உயர்ந்த ஐ.ஜி.ஜி., பயாப்ஸியிலும் கிட்டத்தட்ட அதே காட்சி. மினோசைக்ளின், நைட்ரோஃபியூரன்டாயின் போன்ற ஆங்கில மருந்துகளுக்கே இந்தப் பேர் உண்டு. கோவிட் காலத்தில் எதிர்ப்பு சக்திக்காகச் சீந்தில் எடுத்தவர்களிடம் இதே வகைப் பாதிப்பு தென்பட்டது. இந்தியாவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து அதை 2022-ல் ஆய்வாக வெளியிட்டன. பாதிக்கப்பட்டவர்களில், அதுவரை வெளியே தெரியாமல் ஆட்டோ இம்யூன் நோய் இருந்து சீந்தில் அதைக் கிளப்பிவிட்டவர்களும் இருந்தார்கள். அதே ஆண்டு அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று மஞ்சள் கேப்ஸ்யூல்களால் வந்த கல்லீரல் பாதிப்புகளைத் தொகுத்தது. சமையலில் போடும் மஞ்சள் வேறு. மஞ்சளில் இருக்கும் குர்குமினைச் செறிவாக்கி, உடம்பு அதிகம் உறிஞ்ச வேண்டும் என்று மிளகுச் சத்தும் சேர்த்து விற்கிற கேப்ஸ்யூல் வேறு. கிரீன் டீ சாறு மாத்திரை, அஸ்வகந்தா இரண்டின் மீதும் இதே புகார் உண்டு. மஞ்சளாலும் கிரீன் டீ சாற்றாலும் பாதிக்கப்பட்டவர்களில் ஒரே மரபணு வகை அடிக்கடி காணப்படுகிறது. பத்துப் பேர் சாப்பிட்டு ஒன்பது பேருக்கு ஒன்றும் ஆகாமல் ஒருவர் மட்டும் படுத்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதில் நடைமுறைத் தொல்லை ஒன்றும் இருக்கிறது. நீங்கள் மூலிகை எடுக்கும்போது என்சைம் ஏறினால், நோய் திரும்பியதா, மூலிகையின் வேலையா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மருத்துவர் பாதுகாப்பான பக்கம் நின்று ஸ்டீராய்டைத்தான் கூட்டுவார். மாத்திரையைக் குறைக்க ஆரம்பித்த முயற்சி மாத்திரை கூடுவதில் போய் முடியும். சிலிமாரின், அதாவது மில்க் திஸில், பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பெரிய கெடுதல் இல்லை, இந்த நோய்க்குப் பலன் உண்டு என்ற நிரூபணமும் இல்லை. எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று எழுதியிருக்கிற எதையும் வாங்காதீர்கள். உங்கள் பிரச்சினையே எதிர்ப்பு சக்தி வழி தவறியதுதான். ஏற்கெனவே ஏதாவது எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் டப்பாவோடு காட்டுங்கள். திட்டுவார் என்ற பயத்தில் சொல்லாமல் விட்டதால் சுற்றி வளைத்து நடந்த பரிசோதனைகள் நிறைய.

கல்லீரலைச் சுத்தம் செய்யும் சாறு, டீடாக்ஸ் இவற்றுக்கு ஒரு பத்தி போதும். கல்லீரல் விஷத்தைச் சேமித்து வைக்கும் தொட்டி இல்லை. வருவதை வேதிமாற்றம் செய்து பித்தத்திலும் சிறுநீரிலும் அனுப்பிவிடும். அலசி எடுக்க உள்ளே எதுவும் தேங்கியிருப்பதில்லை. ஸ்டீராய்டு எடுக்கும் ஒருவர் நாள் முழுக்கப் பழச்சாறு மட்டும் குடித்தால் ரத்தச் சர்க்கரை ஏறுவதுதான் மிச்சம்.

குளூட்டன் விஷயத்தில் ஓர் உண்மை கலந்திருக்கிறது. கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய், ஆட்டோ இம்யூன் கல்லீரல் நோய் உள்ளவர்களிடம் மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. அது இருப்பவர்கள் குளூட்டனை ஆயுளுக்கும் விடத்தான் வேண்டும். ஆகவே முதலில் டி.டி.ஜி. ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், அதுவரை வழக்கம்போல் சாப்பிடுங்கள். முன்கூட்டியே நிறுத்திவிட்டால் நோய் இருந்தாலும் பரிசோதனை இல்லை என்று காட்டிவிடும். சீலியாக் இல்லை என்று தெரிந்த பிறகு, கல்லீரலுக்காகக் குளூட்டனைத் தவிர்ப்பதில் அர்த்தமில்லை.

உணவால் நிஜமாகவே கல்லீரல் ரிப்போர்ட் மாறும் இடம் ஒன்று உண்டு, அது உங்களுக்குப் பொருந்தலாம். ஸ்டீராய்டு பசியைக் கூட்டி, இடுப்பைச் சுற்றிக் கொழுப்பைச் சேர்த்து, சர்க்கரையை ஏற்றும். அதனால் ஆட்டோ இம்யூன் ஹெபடைடிஸோடு கொழுப்புக் கல்லீரலும் சேர்ந்துகொள்கிறவர்கள் நிறைய. அப்போது என்சைம் லேசாக ஏறிக் கிடக்கும், ஐ.ஜி.ஜி. மட்டும் நார்மலாக இருக்கும். நோய் திரும்பியது என்று ஸ்டீராய்டைக் கூட்டினால் கொழுப்பு இன்னும் ஏறும். அங்கே எடைக்குறைப்புதான் மருந்து. உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு இறங்கும், 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சியும் தணியும். சர்க்கரை கலந்த பானங்களை நிறுத்துவது, மாவுப்பண்டத்தைக் குறைத்துக் காய்கறி, பருப்பு வகை, மீன், கொட்டை வகைகளைக் கூட்டுவது, இரவு உணவை அளவோடு வைப்பது என்று சாதாரண வழிகளே போதும். அதிசயப் பத்தியம் எதுவும் தேவையில்லை.

காபி பிடிக்குமென்றால் தாராளமாகக் குடியுங்கள். நாள்பட்ட கல்லீரல் நோய்கள் பலவற்றில் காபி குடிப்பவர்களுக்குத் தழும்பு குறைவாக இருப்பது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. உங்கள் நோய்க்கென்று தனியாக நிரூபிக்கப்படவில்லை, அதனால் பிடிக்காதவர்கள் மருந்துபோல மூக்கைப் பிடித்துக் குடிக்க வேண்டாம். மதுவைப் பொறுத்தவரை, கல்லீரல் சுருக்கம் இருந்தால் ஒரு துளியும் கூடாது. இல்லாவிட்டாலும் விட்டுவிடுவதே நல்லது என்பேன்.

கல்லீரல் சுருக்கம் வரை போனவர்களுக்கு உணவு விதி தலைகீழாக மாறும். அங்கே பட்டினிதான் எதிரி. சுருங்கிய கல்லீரலால் போதுமான சர்க்கரையைச் சேமித்து வைக்க முடியாது. ஒரே ஒரு ராத்திரி சாப்பிடாமல் இருந்தாலே, ஆரோக்கியமானவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்த நிலைக்கு உடம்பு போய்விடும், தசையைக் கரைத்து எரிக்க ஆரம்பிக்கும். 2008-ல் வந்த ஓர் ஆய்வில் இரவு படுக்கும் முன் கூடுதல் சத்துணவு எடுத்தவர்களுக்கு ஒரு வருடத்தில் உடல் புரதம் கூடியது. அதே சத்துணவைப் பகலில் எடுத்தவர்களுக்குக் கூடவில்லை. ஆகவே இவர்கள் இரவு படுக்கும் முன் ஏதாவது சாப்பிட்டே ஆக வேண்டும். நேரம் வைத்துப் பட்டினி இருக்கும் இப்போதைய மோகம் இவர்களுக்கு ஆகாது. புரதம் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 1.2 முதல் 1.5 கிராம். கல்லீரல் நோய் என்றால் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்ற பழைய அறிவுரை இன்னும் சுற்றுகிறது, அதைக் கேட்டு எலும்பும் தோலுமாக ஆனவர்கள் உண்டு. வயிற்றில் நீர் கோத்திருந்தால் மட்டும் உப்பைக் கட்டுப்படுத்த வேண்டும். உங்களுக்குச் சுருக்கம் இருக்கிறதா இல்லையா என்பது பயாப்ஸி ரிப்போர்ட்டிலேயே இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

எலும்பு: ஸ்டீராய்டு எலும்பைத் தின்னும். எலும்பின் அடர்த்தியை அளக்க ஒருமுறை டெக்ஸா ஸ்கேன், வைட்டமின் டி அளவு, உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1,000 முதல் 1,200 மி.கி. கால்சியம்.

களைப்புக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியின் அடியில் இருப்பது அதுதான் என்று தோன்றுகிறது. ரிப்போர்ட் நார்மலான பிறகும் இந்த நோயில் களைப்பு தொடர்வது உண்மை, கற்பனை இல்லை. அதன் அளவுக்கும் கல்லீரல் சேதத்தின் அளவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அதனால் களைப்பை வைத்து, உள்ளே ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பயப்பட வேண்டாம். ஆனால் எல்லாவற்றையும் கல்லீரல் தலையில் கட்டுவதற்கு முன் சிலவற்றைச் சரிபார்த்துவிடுங்கள். ஆட்டோ இம்யூன் நோய்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து வரும், அதில் தைராய்டு முக்கியம். தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், இரும்புச் சத்து, பி12, சர்க்கரை பாருங்கள். எடை ஏறிக் குறட்டையும் வந்திருந்தால் தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். மனச்சோர்வும் களைப்பு வேடத்தில்தான் வரும். ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால் அதைக் காலை உணவோடு எடுப்பது நல்லது.

இவை எல்லாம் சரியென்றால், மிச்சமிருக்கும் களைப்புக்கு உடற்பயிற்சியைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. களைத்திருப்பவரிடம் ஓடு என்பது கொடுமையாகத் தோன்றும், தெரியும். ஆனால் இந்தக் களைப்பில் ஒரு பங்கு தசை கரைந்ததால் வருவதாக இருக்கலாம். ஸ்டீராய்டு குறிப்பாகத் தொடையையும் தோளையும் பலவீனமாக்கும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். அதனால் நடைப்பயிற்சி மட்டும் போதாது, வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சியோ உட்கார்ந்தெழும் பயிற்சியோ வேண்டும். பத்து நிமிடத்தில் ஆரம்பிக்கலாம். நன்றாக இருக்கிற நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த மூன்று நாள் படுப்பதைவிடத் தினமும் ஒரே அளவு செய்வது மேல். உணவுக்குழாயில் ரத்தநாளம் புடைத்திருப்பவர்கள் மட்டும் மூச்சடக்கி அதிக எடை தூக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மன அழுத்தம் நோயைத் திரும்ப வரவழைக்குமா? மன அழுத்தத்துக்கும் நோய் திரும்புவதற்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டிய சிறிய ஆய்வு உண்டு, அது காரணமா துணையா என்பது அதில் தீரவில்லை. தியானமோ யோகாவோ உங்களுக்கு நிம்மதி தந்தால் செய்யுங்கள், நிம்மதியே போதுமான காரணம். நோய் திரும்பியவர்களிடம் "நீ டென்ஷன் ஆனதால்தான்" என்று சொல்கிற உறவினர்களைத்தான் எனக்குப் பிடிக்காது. அழுத்தத்தில் இருப்பவர்கள் மாத்திரையை மறப்பது, அதுவும் பதின்வயதினர், நோய் திரும்ப மிகச் சாதாரணமான காரணம். கைபேசியில் ஒரு அலாரம் வைப்பது அரைமணி தியானத்துக்குக் குறைந்ததில்லை.

எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எடுப்பதால் ஹெபடைடிஸ் ஏ, பி, நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ளுங்கள், உயிருள்ள கிருமி அடங்கிய தடுப்பூசிகளை மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். அசாதயோப்ரின் தோல் புற்றுநோய் அபாயத்தைக் கொஞ்சம் கூட்டும் என்பதால் உச்சி வெயிலில் தோலை மறையுங்கள். யூரிக் அமிலத்துக்காக யாராவது அலோபியூரினால் எழுதிக் கொடுத்தால் அசாதயோப்ரின் எடுப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் வெள்ளணுக்கள் ஆபத்தான அளவுக்குச் சரியும்.

பித்தநாளங்களைத் தாக்கும் வகை நோய்கள், அதாவது பி.பி.சி.யும் (பிரைமரி பிலியரி கொலஞ்சைட்டிஸ்) பி.எஸ்.சி.யும் (பிரைமரி ஸ்கிளிரோசிங் கொலஞ்சைட்டிஸ்) உள்ளவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: உங்கள் மருந்துக் கணக்கு வேறு. பி.பி.சி.க்கு அர்சோடியாக்சிகோலிக் அமிலம், கிலோவுக்கு 13 முதல் 15 மி.கி., அதுதான் அடித்தளம். பி.எஸ்.சி.யில் அதையே அதிக அளவில் கொடுத்துப் பார்த்தபோது கெடுதலே மிஞ்சியது என்று 2009-ல் தெரிந்தது, ஆகவே கூடக் கொடுத்தால் கூடப் பலன் என்று நீங்களாக ஏற்றிக்கொள்ளாதீர்கள். பித்தம் சரியாக இறங்காதபோது ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேராது, அவற்றை அளந்து பார்க்க வேண்டும். மற்றபடி களைப்பு, எலும்பு, மூலிகை பற்றிச் சொன்னவை உங்களுக்கும் பொருந்தும்.

கடைசியாக, மாத்திரையைக் குறைக்கும் ஆசை. அந்த ஆசை நியாயமானது, அதற்கு ஒழுங்கான வழியும் இருக்கிறது. முதலில் விடவேண்டியது ஸ்டீராய்டு. அசாதயோப்ரினை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்டீராய்டை முழுதாக எடுத்துவிட முடியுமா என்று லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் பார்த்தார்கள், முடிவு 1995-ல் வெளியானது. கிலோவுக்கு 2 மி.கி. அசாதயோப்ரின் மட்டும் எடுத்த 72 பேரில் 60 பேருக்குப் பல வருடங்கள் நோய் திரும்பவில்லை. முகம் ஊதியதும் எடை ஏறியதும் பலருக்குக் குறைந்தன. உங்கள் 75 மி.கி. என்பது 37.5 கிலோ எடையுள்ளவருக்குத்தான் அந்த அளவாகும். எல்லோருக்கும் முழு 2 மி.கி. தேவைப்படாது, ஆனால் ஸ்டீராய்டை எடுக்கும் முன் அளவைக் கூட்ட வேண்டுமா, வெள்ளணுக்கள் அதைத் தாங்குமா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள்.

5 மி.கி.யிலிருந்து கீழே இறங்குவது மாதக்கணக்கில் நடக்க வேண்டிய காரியம். இரண்டு வருடமாக வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்ததால் உடம்புக்குள்ளேயே ஸ்டீராய்டு சுரக்கும் உங்கள் அட்ரினல் சுரப்பி சோம்பிக் கிடக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குறைக்கும்போது தலைசுற்றல், வாந்தி, எழுந்திருக்க முடியாத சோர்வு வந்தால் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: அந்த ஆய்வில் ஸ்டீராய்டை விட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மூட்டுவலி வந்தது. நோய் திரும்பிவிட்டது என்று பயந்து பழைய அளவை நீங்களாக ஆரம்பிக்காமல் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். என்சைம் நார்மலாக இருந்தால் அது ஸ்டீராய்டு விலகுகிற வலி, நாளடைவில் தணியும். அதற்காக வலி மாத்திரை எடுப்பதாக இருந்தால், கல்லீரல் சுருக்கம் உள்ளவர்கள் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் பக்கம் போகக்கூடாது. பாராசிட்டமால் எடுக்கலாம், அவர்களுக்கு நாளுக்கு 2 கிராமுக்கு மேல் வேண்டாம்.